‘சாலிட் ஆக்ஸில்’: திட அச்சா, பிணையச்சா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

வண்டிப் பொறியியல் கலைச்சொற்களுக்கான நம் பட்டியலில், இருபுறச் சக்கரங்களையும் ஒரே உடலாகச் சேர்க்கும் ‘சாலிட் ஆக்ஸில்’ என்பதற்குத் ‘திட அச்சு’ என்று எழுதி மூடிவிடலாம் என்ற கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அடுத்து வந்த ‘கெட்டி அச்சு’ நல்ல தமிழ்தான். அதிலும் அதே பிழை இருக்கிறது. இரண்டு சொல்லும் அச்சு உள்ளீடற்றதா இல்லையா என்பதைப் பற்றியே பேசுகின்றன. காட்டுப்பாதை வண்டியின் முன்னச்சைப் பிரித்துப் பாருங்கள்: நடுவில் வார்ப்பிரும்புக் கூடு, இருபுறமும் எஃகுக் குழாய், குழாய்க்குள்ளே சுழலும் தண்டுகள். வெளிக்கூடு முழுக்க உள்ளீடற்றது. அதைப் போய்த் ‘திடம்’ என்றால், படிக்கும் மாணவர் முதல் படத்திலேயே குழம்பிப்போவார்.

இதற்கு மாறாக, நம் ஊர் லாரியின் முன்னச்சு அடித்துருவாக்கிய ‘ஐ’ வடிவ எஃகு. அது உண்மையிலேயே உள்ளீடு நிறைந்தது, ஆனால் சக்கரத்தை ஓட்டுவதில்லை. சுமை மட்டும் தாங்குகிறது. பொறியியலில் இவை இரண்டும் ஒரே இனம். அப்படியானால் இனத்தின் பெயர் உள்ளீட்டைப் பொறுத்ததாக இருக்க முடியாது.

இந்த இனத்தின் அடையாளம் ஒன்றே ஒன்று. இடச் சக்கரமும் வலச் சக்கரமும் ஒரே உடலில் கட்டுண்டு கிடக்கின்றன. ஒன்று பாறையில் ஏறினால் அச்சு முழுவதும் சாய்கிறது; மற்றது தரையை நோக்கி அழுந்துகிறது. களத்தில் சூடடிக்கச் சேர்த்துக் கட்டிய மாடுகளைப் பிணையல் என்கிறோமே, அந்தக் கட்டுதான் இது. ஆகவே என் முன்மொழிவு: பிணையச்சு. ‘இணை அச்சு’ என்றால் கணிதத்தில் இணைகோடுகளின் நினைவு வந்துவிடும். ‘உயிரச்சு’ என்று ஒருவர் தந்திருந்தார். அது ‘லைவ் ஆக்ஸில்’ என்ற ஆங்கிலச் சொல்லின் நிழல், தமிழில் அதற்குப் பொருளே இல்லை. சக்கரத்தை ஓட்டுவதை ‘இயக்கு பிணையச்சு’, லாரியில் உள்ளதைச் ‘சுமை பிணையச்சு’ என்று பிரித்துக்கொள்ளலாம். இதன் எதிர்வகைக்கு, அதாவது ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்கும் அமைப்புக்கு, ‘தனித்தாங்கல்’ போதும்.

‘அச்சு’ என்ற பகுதியை மாற்ற வேண்டாம் என்றும் வேண்டுகிறேன். ‘இருசு’ அழகான வண்டிச் சொல், ஆனால் இன்று அதை அறிந்தவர் குறைவு. ‘பீலிபெய் சாகாடும் அச்சிறும்’ என்று வள்ளுவர் முறியவிட்ட அதே பொருளைத்தான் நாமும் பேசுகிறோம். சொல் இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம் உடையது.

ஒரு கலைச்சொல் நிற்குமா என்பது அதைக் கொண்டு உண்மையான வேலையை விளக்கும்போதுதான் தெரியும். எனவே அமெரிக்காவில் வெகுவாகச் செய்யப்படும் ஒரு மாற்றத்தை எடுத்துக்கொள்கிறேன். டொயோட்டாவின் சிறிய நான்கு சக்கர இயக்க பிக்கப், அந்நாட்டுச் சந்தையில் 1985 வரை முன்னே பிணையச்சுடன் வந்தது; 1986 மாதிரி முதல் தனித்தாங்கலுக்கு மாறியது. சாலையில் அது சுகம். பாறையில் தொல்லை. முன்சக்கரங்கள் மேலேறும்போது சட்டத்தோடு கட்டிய டிஃபரன்ஷியல், அதாவது எஞ்சின் ஆற்றலை இரு சக்கரங்களுக்கும் பகிரும் பற்சக்கரப் பெட்டி, தரையை நோக்கி இறங்குகிறது. பிணையச்சிலோ டிஃபரன்ஷியலுக்கு அடியில் உள்ள இடைவெளியை டயரின் உயரமே தீர்மானிக்கிறது. வண்டி எவ்வளவு அழுந்தினாலும் அது மாறுவதில்லை. இதற்காகவே பலர் 1986க்குப் பிந்தைய வண்டியின் முன்பகுதியைக் கழற்றி எறிந்துவிட்டுப் பழைய பிணையச்சைப் பொருத்துகிறார்கள். இந்த வேலைக்கு ‘பிணையச்சு மாற்று’ என்று சொல்லிப் பாருங்கள், இடறவில்லை.

எந்த அச்சைப் பொருத்துவது என்பதில் முதல் கேள்வி பருமன் அல்ல, பக்கம். டிஃபரன்ஷியல் இடப்புறம் இருக்கிறதா, வலப்புறமா? டொயோட்டா பிக்கப்பில் முன்சக்கரங்களுக்கான ஆற்றல் வலப்புறமாக வெளிவருகிறது. 1978–79 ஃபோர்டு எஃப்-150 பிக்கப்பின் டானா 44 அச்சில் (டானா என்பது அச்சு செய்யும் நிறுவனம், எண் அதன் மாதிரி) டிஃபரன்ஷியல் இடப்புறம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால், ஆற்றலை அச்சுக்குக் கொண்டுசெல்லும் பிராப்பல்லர் ஷாஃப்ட் எஞ்சினுக்கு அடியில் குறுக்கே போக வேண்டியிருக்கும், அதாவது சேராது. பழைய செவர்லே அச்சில் அது வலப்புறம் இருப்பதால் பொருந்தும். இதற்கு ‘இடப்புடைப்பு’, ‘வலப்புடைப்பு’ என்று வைக்கலாம் என்பது என் எண்ணம். அச்சைப் பார்த்தவுடன் கண்ணில் படுவது அந்தப் புடைப்புதானே.

அடுத்தது பற்சக்கரத்தின் அளவு. டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் பெரிய பற்சக்கரமான கிரவுன் வீலின் விட்டம் டொயோட்டாவில் 8 அங்குலம், டானா 44இல் 8.5, டானா 60இல் 9.75. டயர் பெரிதாகப் பெரிதாக இந்த எண்ணும் பெரிதாக வேண்டும். 37 அங்குல டயரைத் தாண்ட நினைப்பவர் டானா 60ஐத் தேடுவது அதனால்தான். ஆனால் அதன் எடை மிகுதி, கூடும் பெரிது. 33 அங்குல டயர் போதும் என்பவருக்கு அது வீண் சுமை. அந்த 1978–79 ஃபோர்டு அச்சுக்கு இன்றும் மதிப்பு இருப்பதற்குக் காரணம் வேறு. அதில் கிரவுனைச் சுழற்றும் சிறு பற்சக்கரமான பினியன், கிரவுனின் மையத்துக்கு மேலே அமைந்திருக்கிறது. முன்னச்சில் வண்டி முன்னோக்கிப் போகும்போது பற்களின் வலுவான பக்கத்தில் விசை விழுகிறது, ஷாஃப்டும் கல்லில் படாமல் உயர்ந்து நிற்கிறது. இதை ‘மேற்பினியன்’ என்று விட்டுவிடலாம். பட்டறையில் கிரவுன், பினியன் என்ற சொற்கள் ஊறிப்போய்விட்டன. அவற்றைப் பெயர்ப்பதில் யாருக்கும் நன்மை இல்லை.

மாற்றங்களில் தமிழ்ப் பெயர் அவசரமாகத் தேவைப்படுவது ஒன்று உண்டு. வண்டியை உயர்த்தும்போது ஷாஃப்டின் கோணம் கூடுகிறது. அதைச் சரிசெய்ய அச்சைச் சுழற்றிப் பினியனை மேலே தூக்கினால், சக்கரத்தைத் திருப்பும் ஆணியின் பின்சாய்வு குறைந்துவிடுகிறது. பின்சாய்வு குறைந்தால் திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பாது, வேகத்தில் வண்டி அலையும். வழி என்ன? குழாயின் முனையில் பற்றவைத்த, திருப்புக்கணுவைத் தாங்கும் உட்கணுவின் வெல்டிங்கை அறுத்து, கணுவை மட்டும் வேண்டிய கோணத்துக்குத் திருப்பி, மீண்டும் பற்றவைப்பது. இதை ‘கணுத்திருப்பு’ என்று பெயரிட முன்மொழிகிறேன். ‘நக்கிள்’ என்பதற்குக் கணு முழுப் பொருத்தம். கரும்பிலும் விரலிலும் நாம் சொல்லும் கணு அதே பொருள்தான்.

டானா அச்சுகளில் குழாயை வார்ப்பிரும்புக் கூட்டுக்குள் அழுத்திச் செருகி, ஒருசில துளைகளில் மட்டும் பற்றவைத்திருப்பார்கள். கடும் அடியில் குழாய் கூட்டுக்குள்ளேயே சுழன்றுவிடக்கூடும். எனவே கூட்டைச் சூடாக்கி, சுற்றிலும் பற்றவைத்து, மெல்ல ஆறவிடுகிறார்கள். அவசரப்பட்டால் வார்ப்பிரும்பு விரிசல் விடும். குழாய் வளையாமல் இருக்க மேலே ஒரு தாங்குசட்டம். இவற்றுக்குத் தனிச்சொல் தேவையில்லை, எளிய தமிழே போதும்.

‘பிணை என்றால் ஜாமீன் அல்லவா’ என்ற மறுப்பு வரும். வரட்டும். அச்சோடு சேர்ந்து நிற்கும்போது நீதிமன்றம் யாருக்கும் நினைவுக்கு வராது. மாருதி ஜிப்ஸியிலும் ஜிம்னியிலும் முன்னும் பின்னும் இதே அமைப்புதான். ஜிப்ஸியில் பட்டை வில்கள், ஜிம்னியில் சுருள்வில்கள். அந்த வண்டிகளைப் பற்றித் தமிழில் எழுத முனைபவருக்கு இந்தச் சொல் உடனே பயன்படும்.

தீராமல் நிற்பது ஒன்று. கணுவின் நடுவே தண்டை மடித்துத் திருப்பும் இணைப்பு இருவகை. சிலுவை வடிவத்ததைப் பட்டறையில் ‘கிராஸ்’ என்கிறார்கள். அதை அப்படியே ஏற்கலாம். குண்டுகள் உருளும் மற்றொன்று, மடங்கிய நிலையிலும் வேகம் மாறாமல் சுழல்கிறது. அதற்குச் ‘சீர்வேக மூட்டு’ என்று எழுதிப் பார்த்தேன், நீளமாகத் தோன்றுகிறது. பட்டறையில் பழகும் நண்பர்கள் இதைவிடச் சுருக்கமான ஒன்றைத் தந்தால் மகிழ்வேன்.