சிறைக்குப் போனதை வேலை கேட்கும்போதே சொல்லிவிட வேண்டுமா?

நடுவாசல்: என் அத்தை மகன் இரண்டரை வருடம் உள்ளே இருந்துவிட்டு வந்து வேலை தேடுகிறான். கேட்டால் மட்டும் சொல் என்கிறேன் நான். முதல் நாளே சொல்லிவிடு என்கிறார்கள் வீட்டில். எது சரி?

பட்டறைக்காரன்: சொல்லித்தான் ஆக வேண்டும். என் பட்டறையில் ஒருவர் மறைத்துச் சேர்ந்தார். நாலு மாதம் கழித்து வேறு ஆள் மூலம் தெரிந்தது. வேலை சுத்தம், ஒரு ஆணிகூடக் காணாமல் போனதில்லை. ஆனாலும் அதன் பிறகு அவரிடம் சாவி கொடுக்க எனக்குக் கை வரவில்லை. உள்ளே போனது பிரச்சினை இல்லை, மறைத்ததுதான்.

கூரைமேல்_மழை: முதல் நாளே சொல்லியிருந்தால் சேர்த்திருப்பீர்களா சார்? டெவா பேஜர் என்ற சமூகவியலாளர் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் இதைச் சோதித்தே பார்த்தார். 2003-ல் வெளிவந்தது அந்த ஆய்வு. ஒரே தகுதியுள்ள இளைஞர்களை வேலை கேட்க அனுப்பினார். தண்டனை எதுவும் இல்லை என்ற வெள்ளையரை 34 சதவீத இடங்களில் திரும்பக் கூப்பிட்டார்கள். உண்டு என்றவர்களை 17-ல்தான். கறுப்பினத்தவருக்கு 14, 5. இத்தனைக்கும் அந்தத் தண்டனை சோதனைக்காகச் சொன்ன கதை.

பிரிட்டனில் 1974-லேயே சட்டம் வந்துவிட்டது: பல தண்டனைகளுக்கு, குறிப்பிட்ட காலம் மறுபடி மாட்டாமல் இருந்தால் பெரும்பாலான வேலைகளில் அதைச் சொல்லவே தேவையில்லை. அதுவும் மறைப்பதுதானா?

பட்டறைக்காரன்: சரி, தயங்கியிருப்பேன். ஆனால் அமெரிக்காவில் 30 மாநிலங்களில் 2005-ல் விடுதலையானவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் மூன்றே ஆண்டில் மறுபடி கைதானார்கள். அரசுக் கணக்கு அது. முதலாளி பயப்படுவதில் என்ன தப்பு?

பழைய_எண்: கைது வேறு, தண்டனை வேறு சார். அதே கணக்கை முழுசாகப் பாருங்கள்: ஐந்து ஆண்டுக்குள் கைதானவர்களில் பாதிக்கு மேல் முதல் வருடத்திலேயே மாட்டியவர்கள். முதல் வருடம்தான் கண்டம்.

நான் ஆறு வருடம் உள்ளே இருந்தவன். வந்து ஒன்பது வருடம் ஆகிறது. விடுதலையான காலையில் வாசலில் நின்றது வீட்டு ஆள் இல்லை, பழைய கூட்டாளி. வண்டியை உறுமவிட்டபடி "ஏறு" என்றான். கையில் ஒரு துணிப்பை, காலாவதியான அடையாள அட்டை. ஏறியிருந்தால் அன்று ராத்திரிச் சாப்பாடும் படுக்கையும் நிச்சயம். ஏறாததற்குக் காரணம் மன உறுதி என்று பீற்றிக்கொள்ள மாட்டேன். அக்கா வருவதாகச் சொல்லியிருந்தாள், அவ்வளவுதான். வர மூன்று மணி நேரம் ஆனது.

அவள் வீட்டில் ஒரு வாரம், மூடிய கதவு முன்னால் யாராவது திறக்கட்டும் என்று நிற்பேன். சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

வேலைக்கு வருகிறேன். மறைத்துச் சேர்ந்த முதல் இடத்தில், யாராவது குரலைத் தாழ்த்திப் பேசினாலே வயிறு கலங்கும். நானாகவே நின்றுவிட்டேன். அப்புறம் நேரில் சொல்லத் தொடங்கினேன். மூன்றே வாக்கியம்: என்ன செய்தேன், எவ்வளவு காலம் அனுபவித்தேன், அதற்குப் பிறகு என்ன கற்றேன். அழுகை, நியாயம் எதுவும் கிடையாது. பதினோரு இடத்தில் கதவைக் காட்டினார்கள். பன்னிரண்டாவது இடத்தில் இன்றும் இருக்கிறேன்.

கூரைமேல்_மழை: பதினோரு இடம் தாங்க எல்லாருக்கும் ஒரு அக்கா இருக்க வேண்டுமே அண்ணே.

பழைய_எண்: இல்லாதவர்கள்தான் வண்டியில் ஏறுகிறார்கள்.

பட்டறைக்காரன்: உங்களுக்குச் சாவி எப்போது கொடுத்தார்கள்?

பழைய_எண்: இரண்டு வருடம் கழித்து. நான் கேட்கவில்லை.

நடுவாசல்: நாளை மறுநாள் நேர்காணல். படிவத்திலேயே அந்தக் கேள்வி இருந்தால்?

பழைய_எண்: "இல்லை" என்று மட்டும் எழுத வேண்டாம். "நேரில் பேசுகிறேன்" என்று எழுதச் சொல்லுங்கள் தம்பி. மூன்று வாக்கியத்தை இன்றைக்கே உங்களிடம் சொல்லிப் பார்க்கட்டும்.