நியூ ஜெர்சி சோஷியல் ஒர்க்கர் லைசென்ஸை டெக்சாஸுக்கு மாத்தணும், திரும்ப எக்ஸாம் எழுதணுமா?

எடிசன்_அம்மா:
வீட்டுக்காரருக்கு டல்லாஸ்ல வேலை கிடைச்சிருச்சு, ஆகஸ்ட்ல கிளம்பறோம். நான் இங்க எல்எஸ்டபிள்யூ (லைசென்ஸ் வாங்கின சோஷியல் ஒர்க்கர்), அடுத்த லைசென்ஸுக்காக சூப்பர்வைசர் மேற்பார்வையில வேலை பாக்கற கிளினிக்கல் ஹவர்ஸ் பாதி முடிச்சாச்சு. டெக்சாஸ்ல எல்எஸ்டபிள்யூன்னு ஒண்ணே கிடையாதாமே? அந்த 170 கேள்வியையும் திரும்ப எழுதணுமா? சின்னவன் வயித்துல இருக்கறப்ப எழுதினது, நினைச்சாலே இப்பவும் கலக்குது.

ஹூஸ்டன்_மீனா:
பயப்படாதீங்க, வேண்டாம். அங்க எல்எஸ்டபிள்யூன்னு சொல்றதுக்கு இங்க எல்எம்எஸ்டபிள்யூன்னு பேரு, எக்ஸாம் ரெண்டுக்கும் அதே மாஸ்டர்ஸ் லெவல்தான். எக்ஸாம் நடத்தற ஏஎஸ்டபிள்யூபிக்கு பணம் கட்டினா மார்க்கை டெக்சாஸுக்கு அவங்களே அனுப்பிடுவாங்க. ஆனா ட்ரான்ஸ்ஃபர்னு நினைக்காதீங்க, ரேஷன் கார்டு மாத்தற மாதிரி இல்ல, புதுசா அப்ளை பண்றதுதான், கைரேகை வேற குடுக்கணும், டெக்சாஸ் சட்டம் பத்தி ஜூரிஸ்ப்ருடென்ஸ் எக்ஸாம் ஒண்ணு இருக்கு, அது வீட்லயே உக்காந்து ஆன்லைன்ல எழுதறது, பெரிய கஷ்டம் இல்ல. என்னை இழுத்தடிச்சது பேருதான். பழைய லைசென்ஸ்ல அப்பா பேரு, டிரைவிங் லைசென்ஸ்ல அவர் பேரு, ரெண்டும் ஒரே ஆள்தான்னு புரிய வைக்க அஞ்சு வாரம் ஆச்சு. மேரேஜ் சர்டிஃபிகேட்டை சூட்கேஸ்ல அடில போட்டுடாதீங்க.

ஆஸ்டின்_குமார்:
அக்கா, ஹவர்ஸ்தான் முக்கியம். கிளம்பறதுக்கு முன்னாடியே, முடிச்ச ஹவர்ஸுக்கு சூப்பர்வைசர்கிட்ட கையெழுத்து வாங்கிடுங்க. நான் அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டேன், அவங்க ரிட்டயர் ஆயி ஃப்ளோரிடா போயிட்டாங்க, மெயில் எல்லாம் திரும்பி வந்துச்சு. இங்க எல்சிஎஸ்டபிள்யூக்கு, அதாவது அடுத்த படியான கிளினிக்கல் லைசென்ஸுக்கு, 3,000 மணி நேரம், அதுல சூப்பர்விஷன் 100. இங்க சேர்ற மணி நேரத்துக்கு, லைசென்ஸ் குடுக்கற டெக்சாஸ் போர்டு அங்கீகரிச்ச சூப்பர்வைசர் வேணும், சூப்பர்விஷன் பிளான் பத்தி போர்டுல கேட்டுட்டு எண்ண ஆரம்பிங்க.

எடிசன்_அம்மா:
ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். ஏதோ காம்பாக்ட்னு ஸ்டேட்டுங்க சேர்ந்து போட்ட ஒப்பந்தம் சொல்றாங்களே, ஒரே லைசென்ஸ்ல பல ஸ்டேட்ல வேலை பாக்கலாம்னு? அப்புறம் இங்க இருக்கற கிளையன்ட்ஸை டல்லாஸ்லருந்து வீடியோல பாக்கலாமா?

ஹூஸ்டன்_மீனா:
காம்பாக்ட் 2024 ஏப்ரல்ல ஏழாவது ஸ்டேட்டா கான்சஸ் சேர்ந்தப்ப அமலுக்கு வந்துச்சு, ஆனா அன்னிக்கே யாருக்கும் லைசென்ஸ் குடுத்துடல. அதை நம்பி ஆகஸ்ட் வரைக்கும் உக்காராதீங்க. வீடியோவுக்கு கிளையன்ட் எங்க உக்காந்திருக்காங்களோ அந்த ஸ்டேட் லைசென்ஸ் வேணும், அதனால நியூ ஜெர்சியை ரினியூ பண்ணாம விட்டுடாதீங்க. டெக்சாஸ்காரங்க என்ன கேக்கறாங்கன்னும் போர்டுல கேட்டுட்டு ஆரம்பிங்க.

எடிசன்_அம்மா:
சூப்பர்வைசருக்கு மெயில் போட்டாச்சு. அவங்களும் டிசம்பர்ல ரிட்டயர் ஆறாங்களாம்!