பதினொரு வருடங்கள் நின்ற ஹொண்டா சீடி 125: ஆலோசனை தேவை

அன்பான உறுப்பினர்களுக்கு வணக்கம்.

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுப் பின்புறக் கொட்டிலில் பதினொரு வருடங்களாக நின்ற அப்பாவின் ஹொண்டா சீடி 125 மோட்டார் சைக்கிளை மீண்டும் வீதியில் ஓடவிட வேண்டும் என்பது என் நீண்ட நாள் விருப்பம். இரண்டு சிலிண்டர்களினதும் பிளக்குகளைக் கழற்றி, துளைகளில் சிறிது ஒயில் விட்டு இரண்டு நாட்கள் ஊறவைத்த பின் கையால் கிக்கரை அழுத்தியபோது பிஸ்டன்கள் தடையின்றி அசைந்தன. அந்தக் கணத்தில் கண் கலங்கிவிட்டது.

ஆனால் பெற்றோல் தாங்கிதான் கவலை தருகிறது. மூடியைத் திறந்ததும் வார்னிஷ் போன்ற நெடி அடித்தது. சாய்த்து ஊற்றியபோது, தேயிலைத் தூள் போலக் கபில நிறத் துருத் துகள்கள் கலங்கி வந்தன. கடற்காற்றும் பாதி வெறுமையான தாங்கியில் படிந்த ஈரமும் இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். துரு கரைய வினாகிரியில் ஊறவைத்தால் போதுமா, அல்லது உட்புறம் பூச்சும் பூச வேண்டுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். தாங்கி சுத்தமாகும் வரை, பெற்றோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் காபரேற்றரைப் பொருத்த எனக்கு மனமில்லை.

பிளக், பற்றரி, ரயர்கள், பிரேக் சூக்கள் அனைத்தையும் புதிதாக வாங்குவேன். கொழும்பு பஞ்சிகாவத்தையில் இந்த மாடலுக்குரிய அசல் கஸ்கற் (என்ஜின் இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் தகடுகள்) தொகுதி கிடைக்கும் கடை தெரிந்தால் அறியத்தாருங்கள். காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் எடுத்த பின், இத்தனை வருடங்கள் புதுப்பிக்கப்படாத வாகன வருமான அனுமதிப்பத்திரத்தை எவ்வாறு பெறுவது என்பதையும் அண்மையில் செய்தவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும். பதிவுப் புத்தகம் இன்னும் அப்பாவின் பெயரிலேயே உள்ளது.