கல்லடி வீட்டு குரூப்: அம்மம்மாட குளுசையும் எலும்பும்

மாமி: அம்மம்மாக்கு இண்டைக்கு கை பிளாஸ்டர் வெட்டியாச்சு, விரலெல்லாம் மடக்குறா. ஆனா இப்ப வேற பிரச்சின. பாக்க வந்த ஆக்கள் அந்த மூட்டுவாதத்துக்கு குடிக்கிற குளுச ஸ்டெரொயிட்டாம் அதுதான் எலும்ப அரிச்சுப்போட்டு எண்டு சொல்லிட்டு போக, இவ காலமையில இருந்து குளுச வேணாம் எண்டு நிக்கிறா

மாமா: அதுல உண்மையும் இரிக்கு தானே. நிண்ட இடத்துல சறுக்கினதுக்கு மணிக்கட்டு உடையிறெண்டா? கொஞ்ச நாள் நிப்பாட்டிப் பாப்பம்

தர்ஷி அக்கா: மாமா வேணாம் ப்ளீஸ்!! வருசக்கணக்கா பிறெட்னிசொலோன், அதான் அந்த ஸ்டெரொயிட் குளுச, குடிச்ச உடம்பு தானா கோர்ட்டிசோல் எண்ட இயற்கை ஸ்டெரொயிட்ட சுரக்கிறத குறைச்சிரும். திடீரெண்டு விட்டா பிரசர் விழும், சத்தி, மயக்கம், உயிருக்கே ஆபத்தாகலாம். இண்டைக்குரியத இப்பவே குடுங்க மாமி. குறைக்கிறெண்டா டொக்டர் சொல்லி கொஞ்சம் கொஞ்சமாத்தான்

மாமி: சரி மகள் குடுக்கன்

சின்னம்மா: நீ லாப்ல எலும்புக் கலத்துக்கு ஸ்டெரொயிட் போட்டுத்தான் வளக்கிற எண்டு சொன்ன நீ தானே? எலும்ப அரிக்கிற சாமான போட்டா அது எப்பிடி வளரும்

தர்ஷி அக்கா: அம்மா அதுதான் எனக்கும் இந்த வேலையில ஆகப் பிடிச்ச கேள்வி. கொஞ்சம் நீளமா சொல்லுறன் கேளுங்க. இடுப்பு மூட்டு மாத்துற ஒப்பரேசன்ல தொடை எலும்பிட உருண்டைத் தலைய வெட்டி எடுப்பாங்க, வழமையா அது எறியுறது, நோயாளி சம்மதிச்சா அது எங்களிட்ட வரும். உள்ளுக்கு இருக்கிற பஞ்சு மாதிரி எலும்ப சின்னச் சின்ன துண்டாக்கி கழுவி தட்டில ஊட்டத் திரவத்தோட வச்சா சில கிழமையில துண்டுக்குள்ள இருந்து கலங்கள் ஊர்ந்து வெளிய வந்து தட்டு முழுக்க பரவும். அதுக்கு டெக்ஸாமெதசோன் போடுவம், பிறெட்னிசொலோன்ட சொந்தம்தான் அது. 10 நானோமோலார், அதாவது ஒரு லீற்றருக்கு 4 மைக்ரோகிராம் அளவு. அதப் போட்டா எலும்புக் கலம் முதிருறதுக்கு அடையாளமான அல்கலைன் பொஸ்பட்டேஸ் எண்ட நொதியம் கூடும், விற்றமின் சியும் பொஸ்பேட்டும் சேத்தா கல்சியம் படியும், கல்சியத்துல ஒட்டுற அலிசரின் சாயம் ஊத்த தட்டு சிவப்பா வரும்

சுதன்: அப்ப ஸ்டெரொயிட் எலும்புக்கு நல்லம் எண்டெல்லா வருது??

தர்ஷி அக்கா: இல்லடா. இளங்கலத்த முதிர வைக்குது, அவ்வளவுதான். அதே டெக்ஸாமெதசோன், விற்றமின் டி போடக்குள்ள கூடுற ஒஸ்டியோகல்சின் எண்ட எலும்புக் கலத்துப் புரதத்த அமத்தியும் விடும். தட்டுல ஒரே சாதிக் கலம், சில கிழமைக் கணக்கு, இரத்த ஓட்டம் இல்ல, எலும்ப கரைக்கிற கலம் இல்ல. உடம்புல மாசக்கணக்கா போனா எலும்பு கட்டுற கலம் குறையுது, சாகுது, குடல் கல்சியத்த இழுக்கிறதும் குறையுது. தொடங்கி முதல் 3 - 6 மாசத்துலயே உடையிற ஆபத்து ஏறத் தொடங்கும், முள்ளந்தண்டுலதான் கூட

மாமா: அப்ப நான் சொன்னது சரிதானே மகள்

தர்ஷி அக்கா: மருந்து எலும்ப மெலிய வைக்கும் எண்டது சரி மாமா, நிப்பாட்டுறதுதான் பிழை. வாதம் எரிஞ்சிட்டே கிடந்தா அதுவும் எலும்ப திண்ணும். நடமாட்டமும் குறையும்

சுதன்: வயசு? அம்மம்மாக்கு 78. அந்த வயசுல கலம் வேல செய்யுமா

தர்ஷி அக்கா: வயசான ஆக்கள்ட துண்டுல இருந்து கலம் வெளிய வர சுணங்கும், பிரியுற தடவையும் குறைவு, கெதியா களைச்சு நிண்டிரும். ஆனா செத்த எலும்பு இல்ல. எங்களுக்கு வாற எலும்புல கனக்க வயசான ஆக்கள்டதான், அதுகளுக்கும் விற்றமின் டி போட்டா ஒஸ்டியோகல்சின் ஏறும். இளம் ஆக்கள்ட எலும்பு கிடைக்கிறது அருமை, கிடைச்சாலும் வேற இடத்து எலும்பா இருக்கும், அதால வயசு வித்தியாசமா இட வித்தியாசமா எண்டு பிரிச்சுச் சொல்லுறது லேசில்ல. என்ர மனசுக்கு, 78 வயசு, இனி என்ன எண்டு விடுறது பெரிய அநியாயம்

மாமி: அப்ப கிளினிக்ல என்ன கேக்கிற

தர்ஷி அக்கா: ஸ்டெரொயிட் அளவ குறைக்கலாமா, கல்சியமும் விற்றமின் டியும் வேணுமா, எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுக்கேலுமா, எலும்பு கரையிறத குறைக்கிற அலென்ட்ரோனேட் குளுச சரிவருமா. அது கிழமைக்கு ஒண்டு தந்தா வெறுவயித்துல வெறுந்தண்ணியோட குடிச்சிட்டு அரை மணித்தியாலம் படுக்காம நிமிந்து இருக்க வேணும், இல்லாட்டி தொண்டைக்குழாய் புண்ணாகும். கிட்னி எப்பிடி வேல செய்யுது எண்டு இரத்தத்துல பாத்துத்தான் தருவாங்க. சூடைமீன முள்ளோட குடுங்க, குரக்கனும்

சின்னம்மா: மகள் எனக்கும் மாதவிடாய் நிண்டு ரெண்டு வருசமாகுது. எனக்கும் இந்தக் கத வருமா

தர்ஷி அக்கா: அம்மா அதுவும் ஸ்டெரொயிட் ஹோர்மோன் கதைதான். எலும்புக் கலத்துல ஈஸ்ட்ரோஜன் எண்ட பெண் ஹோர்மோனுக்கு நேரடி ஏற்பி, அதான் அது வந்து ஒட்டுற இடம், இரிக்கு எண்டு 1988ல தான் காட்டினவங்க. ஈஸ்ட்ரோஜன் இருக்கக்குள்ள கரைக்கிற கலத்துக்கு ஒரு கடிவாளம், நிண்டாப் பிறகு முதல் சில வருசந்தான் எலும்பு ஆக வேகமா குறையிற. நீங்க இப்ப அதுக்குள்ளதான். பின்னேரத்துல கல்லடிப் பாலம் வரைக்கும் நடங்க, அம்மம்மாக்கு மணிக்கட்டு உடஞ்சதயும் டொக்டருக்கு சொல்லுங்க, குடும்பத்துல உடஞ்சிருந்தா அவங்க கவனிப்பாங்க

சின்னம்மா: சரி, அம்மம்மாட கிளினிக் கொப்பியோட என்ட பேரையும் பதியச் சொல்லு சுதன்

சுதன்: ஓம் சின்னம்மா, வியாழன் வெள்ளண ஆறு மணிக்கே போய் நம்பர் எடுக்கிறன், பழைய மருந்துத்துண்டு எல்லாத்தையும் ஒரு பைக்குள்ள போட்டு வைங்க மாமி