ஐயோவா 1932: சின்ன ஊர் பிழைத்தது வில்லை ஒட்டிய நோட்டாலா, முட்டைப் பெட்டியாலா?

மேழிச்செல்வன்:

பெருமந்தக் கால (1929-இல் தொடங்கிய பொருளாதாரச் சரிவுக் கால) அமெரிக்கக் கிராமங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் வங்கி மூடிய கதை, நில ஏலக் கதை இரண்டோடு முடித்துவிடுகிறார்கள். ஹாவர்டன் ஊரை யாரும் எடுப்பதில்லை. ஐயோவா மாநிலத்தின் வடமேற்கு மூலை, பிக் சூ ஆற்றங்கரை. ஆற்றைத் தாண்டினால் தெற்கு டகோட்டா. 1932 அக்டோபரில், சார்லஸ் சில்ஸ்ட்ரா என்ற டச்சுக்காரர் கொடுத்த யோசனைப்படி அந்த ஊர் தானே 1 டாலர் நோட்டுகள் 300 அடித்தது. வேலையில்லாதவர்களைச் சாலை வேலைக்கு எடுத்து, கூலியாக அதைக் கொடுத்தது.

நோட்டில் 36 கட்டம். கை மாறும் ஒவ்வொரு தடவையும் ஊர் நிர்வாகத்திடம் வாங்கிய 3 சென்ட் வில்லை (தபால்தலை போன்ற ஒட்டுச்சீட்டு) ஒன்றை ஒட்ட வேண்டும். 36 கட்டமும் நிரம்பினால் 1 டாலர் 8 சென்ட் சேர்ந்திருக்கும். 1 டாலர் கொடுத்து நோட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். மிச்சம் 8 சென்டில் அச்சுச் செலவு கழியும். ஊருக்குக் கையிலிருந்து காசு போகவில்லை, வேலையும் நடந்தது.

நான் சொல்வது இதுதான். சோளம் இருந்தது, பன்றி இருந்தது, உழைக்க ஆள் இருந்தார்கள், கடையில் சரக்கும் இருந்தது. கை மாற்றிக்கொள்ளப் பணம் மட்டும்தான் இல்லை. அந்தக் குறையை ஒரு சின்ன ஊரே தீர்த்துக்காட்டியது. பின்னால் ஐயோவா சட்டமன்றமும் கவுண்டிகள் (மாவட்டம் போன்ற பிரிவுகள்) இப்படி நோட்டு வெளியிட வழிவிட்டது.

தராசுமுள்:

300 நோட்டு என்றால் 300 டாலர். அதை வைத்து ஊர் பிழைத்தது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? வாராவாரம் ஊருக்குள் நிஜப் பணம் வந்த வழி வேறு. சனிக்கிழமை சாயங்காலம் விவசாயி வீட்டு அம்மா கொண்டுவந்த முட்டையும் பாலாடையும்தான் அந்த வழி. சோளம் ஆண்டுக்கு ஒருமுறை, பன்றி ஒன்றிரண்டு முறை. முட்டையும் ஆடையும் வாரம் தவறாமல்.

கணக்கு போட்டுப் பாருங்கள். நூறு கோழி உள்ள பண்ணையில் ஏப்ரலில் நாளைக்கு 5 டஜன் முட்டை, வாரம் 35 டஜன். 1932 வசந்தத்தில் டஜன் 10 சென்ட் அளவில் போனது. வாரம் மூன்றரை டாலர். சர்க்கரை, காப்பி, உப்பு, மண்ணெண்ணெய், தையல் நூல் எல்லாம் அதிலிருந்துதான்.

அடுத்து ஆடை. கையால் சுற்றும் பிரிப்பு இயந்திரத்தில் பாலை விட்டு ஆடையை எடுத்துக்கொள்வார்கள். ஆடை நீக்கிய பால் பன்றிக்கும் கோழிக்கும். 5 கேலன் கேனில் ஆடை ஏறக்குறைய 40 பவுண்டு நிற்கும். 30 சதவீதக் கொழுப்பு என்றால் 12 பவுண்டு வெண்ணெய்க் கொழுப்பு. 1929-இல் பவுண்டு 45 சென்ட் அளவில் இருந்தபோது ஒரு கேனுக்கு 5 டாலர் 40 சென்ட். 1932-இல் 18 சென்ட் அளவுக்கு இறங்கியதும் அதே கேன், அதே மாடு, அதே உழைப்பு, 2 டாலர் 16 சென்ட். பணம் சுழலாததா நோய்? விலை விழுந்ததுதான் நோய். வில்லை ஒட்டினால் ஆடை விலை ஏறுமா?

பேரேடு:

தராசுமுள் அம்மா, முட்டைக்கு "நிஜப் பணம்" வந்தது என்கிறீர்கள். பாதி இடத்தில் வரவில்லை. மளிகைக் கடைக்காரர் முட்டைக்கு இரண்டு விலை வைத்திருப்பார். காசாக வேண்டும் என்றால் ஒரு விலை. சரக்காக எடுத்துக்கொண்டால் டஜனுக்கு ஒன்றிரண்டு சென்ட் கூட. சரக்கு எடுத்தது போக மீதிக்குத் துண்டுச்சீட்டு கொடுப்பார், இல்லையென்றால் கடைப் பெயர் பொறித்த அலுமினியக் காசு. அது அந்தக் கடையில் மட்டும் செல்லும். பல் மருத்துவரிடம் செல்லாது, வரி கட்டச் செல்லாது. மேழி சார் சொல்லும் நோட்டாவது ஊர் முழுக்கச் செல்லும். இது ஒரே வாசலுக்குள் அடங்கியது.

அதற்காகக் கடைக்காரரைத் திட்டவும் மாட்டேன். அவர் சுமந்த நட்டத்தைப் பாருங்கள். முட்டை போகும் மரப்பெட்டியில் இரண்டு அறை. அறைக்கு 5 அடுக்கு, அடுக்குக்கு ஆறுக்கு ஆறு 36. மொத்தம் 360, அதாவது 30 டஜன். அதை ரயிலில் ஏற்றுமுன் இருட்டறையில், ஓட்டை போட்ட பெட்டிக்குள் விளக்கை வைத்து, ஒவ்வொரு முட்டையாக ஓட்டைக்கு நேரே பிடித்துச் சுழற்றிப் பார்க்க வேண்டும். அகன்ற முனையில் காற்றறை சிறிதாக இருந்தால் புதுசு. காற்றறை பெருத்து, மஞ்சள் கரு நிழல் முட்டை ஓட்டின் அருகே வேகமாக ஓடினால் பழசு. சிவப்பு வளையம் தெரிந்தால் கரு வளர்ந்து செத்தது, எறிய வேண்டியதுதான்.

அந்த வளையம் கோடையில்தான் அதிகம். சேவலோடு திரியும் கோழியின் முட்டை வெயில் சூட்டிலேயே கரு வளரத் தொடங்கிவிடும். குஞ்சு பொரிக்கும் பருவம் முடிந்ததும் சேவலை விற்றுவிடுங்கள், இல்லை அடித்துச் சமையுங்கள் என்று வேளாண் விரிவாக்க அலுவலர்கள் ஊர் ஊராகச் சொன்னதற்குக் காரணம் இதுதான். சொல்லியும் கேட்காத வாடிக்கையாளரின் முட்டையைக் கடைக்காரர் வாங்காமல் இருக்க முடியாது, ஏனென்றால் அவர் கடையில் நாற்பது டாலர் கடன் நிற்கும். எல்லா முட்டைக்கும் ஒரே விலை கொடுத்துவிட்டு, கழிவை அவரே தாங்குவார். நல்ல முட்டை கொண்டுவந்தவருக்கும் அதனால் விலை குறைந்தது.

ஊரைத் தாங்கியது கடைப் பற்றுதான், அதாவது கடனுக்குச் சாமான் வாங்கும் கணக்கு. பற்றுச் சீட்டுகளை அடுக்கி வைக்கும் மெக்காஸ்கி பெட்டி பார்த்தவர்களுக்குத் தெரியும்: புத்தகம்போலப் புரட்டும் தகடுகள், தகடு முழுக்கச் சுருள்கம்பிப் பிடிகள், ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு எண். கரித்தாள் வைத்து எழுதும் சீட்டில் முதல் வரி பழைய பாக்கி, கீழே இன்றைய சாமான், கடைசியில் புதிய பாக்கி. ஒரு பிரதி வாங்கியவர் கைக்கு, ஒரு பிரதி பிடிக்குள். சோளம் விற்றதும் தீர்ப்பார்கள். 1931, 1932 இரண்டு ஆண்டும் தீரவில்லை.

கரிசல்காடு:

பேரேடு சார், பற்று தாங்குச்சுன்னு சொல்றீங்களே, அந்தப் பற்றை யார் தாங்கினாங்க? மொத்த வியாபாரி கடைக்காரருக்குக் கொடுத்த தவணை 30 நாள்தான். 10 நாளில் கட்டினா 2 சதவீதம் தள்ளுபடி. விவசாயி தீர்க்கிறது ஆண்டுக்கு ஒருமுறை. நடுவுல இருக்கிற பதினோரு மாசத்தை உள்ளூர் வங்கிதான் கைமாற்றுக் கொடுத்துச் சமாளிச்சது. வங்கி மூடின அன்னைக்கு கடைக்காரருக்கு மூணு அடி ஒரே நேரத்துல. அவரோட சேமிப்பு உள்ளே மாட்டிக்கும். வாடிக்கையாளர் போன வாரம் கொடுத்த காசோலை திரும்பி வரும். அவர் வங்கியில வாங்கின கடனை மட்டும் வங்கிச் சொத்தை வசூலிக்க வந்த அதிகாரி உடனே கட்டச் சொல்லுவார். அப்புறம்தான் கடை வாசல்ல "ரொக்கம் மட்டும்" பலகை ஏறும். 1933 மார்ச் 6-இல் அதிபர் ரூஸ்வெல்ட் நாடு முழுக்க வங்கிகளை மூடச் சொன்னதுக்கு முன்னாடியே இந்தச் சின்ன ஊர்களில் இது வருஷக்கணக்கா நடந்துகிட்டு இருந்துச்சு.

தராசுமுள்:

கடைச்சீட்டுக் குறையை ஏற்கிறேன். அதனால்தான் ஆடை நிலையத்தை, விவசாயியிடம் பாலாடை வாங்கும் இடத்தை, தனியாகப் பார்க்கச் சொல்கிறேன். அங்கே அன்றே காசோலை. ஆனால் அங்கேயும் ஏமாற இடம் உண்டு.

ஆடையில் கொழுப்பு எவ்வளவு என்று அளக்கும் பாப்காக் சோதனையை எப்படிச் செய்தார்கள்? கேனை அடிவரை கலக்கி மாதிரி எடுத்து, 9 கிராம் ஆடையை நீண்ட கழுத்துச் சோதனைப் புட்டியில் நிறுப்பார்கள். கந்தக அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிச் சுழற்றினால், பால் கலந்த காப்பி நிறம் வரும். கை இயந்திரத்தில் 5 நிமிடம் சுற்றி, கழுத்தடி வரை வெந்நீர். மறுபடி 2 நிமிடம் சுற்றி, கழுத்துக்குள் வெந்நீர். இன்னும் 1 நிமிடம். பிறகு 57 முதல் 60 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் புட்டியை நிறுத்திக் கொழுப்புத் தூணை அளப்பார்கள்.

அமிலம் வலுவாகவோ அதிகமாகவோ போனால் கொழுப்பு கருகிக் கறுப்புத் துகள் மிதக்கும். குறைந்தால் வெள்ளைத் தயிர்த்துகள் அடியில் நின்று அளவு தெரியாது. இரண்டும் கண்ணுக்குத் தெரியும் குற்றம். கண்ணுக்குத் தெரியாதவை இரண்டு. கேனைச் சரியாகக் கலக்காமல் அடியிலிருந்து மாதிரி எடுத்தால் கொழுப்பு குறைவாகக் காட்டும். வெந்நீர் ஆறிய பிறகு அளந்தால் தூண் சுருங்கிவிடும், அதிலும் விவசாயிக்கே நட்டம். ஒரு சதவீதம் தவறினால் 40 பவுண்டு கேனில் 0.4 பவுண்டு கொழுப்பு, 1932 விலைக்கு 7 சென்ட். முக்கால் டஜன் முட்டை அளவு. நிலையக்காரர் தூரத்துப் பெரிய வெண்ணெய் ஆலைக்குத் தரகர் மட்டுமே. கூட்டுறவு ஆலை இருந்த ஊர்க்காரர்கள் சோதனையைத் தங்கள் ஆளே செய்யும்படி வைத்துக்கொண்டதற்குக் காரணம் இந்த 7 சென்ட்தான்.

கரிசல்காடு:

சோளத்தை விட்டுட்டீங்களே. 1932-33 குளிர்காலத்துல ஐயோவா, நெப்ராஸ்கா பக்கம் புஷல் (அங்கத்திய தானிய அளவு) 10 சென்ட் சுமாருக்கு வந்துச்சு. அடுப்புல சோளம் எரிச்சதை இன்னைக்குப் படிக்கிறவங்க பைத்தியக்காரத்தனம்னு நினைக்கிறாங்க. கணக்கு அப்படிச் சொல்லலை. கதிரோட இருக்கிற சோளம் புஷலுக்கு 70 பவுண்டு. 2,000 பவுண்டு டன்னுக்கு 28 புஷல் சொச்சம், அதாவது 2 டாலர் 86 சென்ட். அந்தப் பக்கத்து நிலக்கரி ஒரு டன், சோளம் ஒன்றரை டன் தர்ற சூட்டைத் தரும். அப்போ வீட்டுக்கு வந்து இறங்குற கரி டன் 4 டாலர் 30 சென்டுக்கு மேல போனாலே சோளம் எரிக்கிறது மலிவு. தொல்லையும் உண்டு: சட்டுனு எரிஞ்சு அடங்கிடும், அடிக்கடி போடணும், சாம்பல் உருகிக் கட்டியாகி அடுப்புச் சல்லடையை அடைக்கும்.

ஊரைத் தூக்கி நிறுத்துனது 1933 கடைசியில அரசாங்கம் புஷலுக்கு 45 சென்ட் கொடுத்த சோளக் கடன். கதிர்க் கொட்டகையை நீளம், அகலம், உயரம் அடியில அளந்து பெருக்கி இரண்டரையால வகுத்தா புஷல். மேல்மட்டம் சமமா இருக்கணும், குவியலோட உச்சியை அளந்தா கணக்கு பொய்யாயிடும். 32 அடிக்கு 8 அடி, உயரம் 10 அடின்னா 1,024 புஷல். அளக்க வந்தவர் சோளம் அடமானம்னு கொட்டகைக்கு முத்திரை வச்சுட்டுப் போனதும் 460 டாலர் 80 சென்ட். பழைய விலைக்கு அது 102 டாலர். விலை ஏறினா வித்துக் கடனைக் கட்டு, ஏறலைன்னா சோளத்தை விட்டுடு, மேல எதுவும் கேட்கமாட்டாங்க. பதிலுக்கு 1934 பயிர்க் குறைப்புத் திட்டத்துல சேரணும். பேரேடு சாரோட பெட்டியில ரெண்டு வருஷம் தேங்கின சீட்டுகளைத் தீர்க்கப் பணம் வந்தது இங்கிருந்துதான்.

பேரேடு:

யாருக்குத் தீர்ந்தது? அன்றைய ஐயோவாவில் பாதிக்குச் சற்றுக் குறைவான பண்ணைகள் குத்தகைக் குடியானவர் கையில். பயிர்ப் பங்குக் குத்தகையில் அந்தக் கொட்டகையில் பாதி நிலக்காரருடையது. முத்திரை வைத்தாலும் பாதிக் காசுதான் உழுதவருக்கு. நிலக்காரருக்குப் பங்கு போகாத வரும்படி முட்டையும் ஆடையும். இந்த ஒரு இடத்தில் தராசுமுள் அம்மா சொன்னதுதான் சரி. 1934-லும் 1936-லும் வறட்சி வந்து கொட்டகையே காலியானபோது முத்திரை வைக்க என்ன இருந்தது?

மேழிச்செல்வன்:

நால்வரில் மூவர் விவசாயியைப் பற்றியே பேசுகிறோம். ஊருக்குள் இருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். செங்கல் அடுக்குபவர், ரயில் கொட்டகையில் வேலை போனவர், கொல்லர் பட்டறை உதவியாள். கோழியும் இல்லை, மாடும் இல்லை, முத்திரை வைக்கக் கொட்டகையும் இல்லை. ஹாவர்டன் நோட்டு அவர்களுக்காக வந்தது. விலையை ஏற்ற வந்ததாக நான் சொல்லவே இல்லை. 300 டாலரை அந்த ஊர் வேறு எங்கிருந்து கொண்டுவந்திருக்கும்? வரி வசூலும் நின்றுபோயிருந்த நேரம் அது.

தராசுமுள்:

அவர்களுக்கு வேலை கிடைத்தது நல்லது, மறுக்கவில்லை. ஆனால் வில்லை வைத்த விதத்தில் பிழை. கை மாறினால்தான் 3 சென்ட் என்றால், நோட்டைப் பெட்டிக்குள் வைத்திருப்பவருக்குச் செலவே இல்லை, செலவழிப்பவருக்குத்தான் அபராதம். யேல் பேராசிரியர் இர்விங் ஃபிஷர் சொன்ன முறையில் வாரத்துக்கு ஒரு 2 சென்ட் வில்லை, குறித்த நாளில். 52 வாரத்தில் 1 டாலர் 4 சென்ட். அதில் வைத்திருப்பவர்தான் கட்டுவார், அதனால் சீக்கிரம் கைவிடுவார். ஹாவர்டன் முறையில் வாரம் ஒருமுறை கை மாறினால்கூட நோட்டு மீள 36 வாரம். மாதம் ஒருமுறை என்றால் மூன்று ஆண்டு. இடையில் இருவர் பேசிக்கொண்டு வில்லை ஒட்டாமலே மாற்றிக்கொண்டால் யார் கேட்பது?

நோட்டெல்லாம் கடைசியில் சேரும் இடம் மளிகைக் கல்லா. பக்கத்து நகரமான சூ சிட்டியின் மொத்த வியாபாரி அதை வாங்கமாட்டார். கடைக்காரர் அதை உள்ளூர்க் கூலிக்கும் ஊர் வரிக்கும்தான் தள்ள முடியும். தள்ளும்போது இன்னொரு 3 சென்ட். ஏற்கெனவே அழுகிய முட்டையையும் பழைய பாக்கியையும் சுமந்தவர் தலையில்தான் அந்த வில்லையும் ஏறியது.

மேழிச்செல்வன்:

நாள் குறித்த வில்லை மேலானது என்பதில் எனக்கும் சம்மதம். கல்லாவில் தேங்குவதற்கு ஒரு வழி ஊர் கையிலேயே இருந்தது: தண்ணீர்க் கட்டணத்துக்கும் வரிக்கும் முழு 1 டாலராக வாங்கிக்கொண்டு, அந்த ஒரு மாற்றத்துக்கு மட்டும் வில்லை வேண்டாம் என்று விட்டிருக்கலாம். அப்படி விட்டால் 36-ஆவது கட்டம் நிரம்பாமலே நோட்டு திரும்பும், மீதியை ஊர் தாங்க வேண்டும். 300 நோட்டில் பாதி பாதிக் கட்டத்தோடு திரும்பினாலும் ஊருக்குக் குறைவது ஏறக்குறைய 70 டாலர். போட்டு முடித்த சாலைக்கு அந்த 70 டாலர் அதிகம் என்று சொல்வீர்களா?