இரண்டு வரி மாற்றத்துக்கு நான்கு நாளா? டெவலப்பர் வேலை, அனுபவப் பகிர்வு

தொடங்கி வைப்பவர்:

புதிதாகச் சேர்பவர்கள் எல்லோரும் கேட்பதுதான். "ஃபார்மில் ஒரு கட்டம் கூட்ட வேண்டும், இரண்டு வரி கோட், அதற்கு நான்கு நாளா?" உள்ளே இருந்து பார்த்தவர்கள் எழுதுங்கள். சுயபுராணம் வேண்டாம். எது எங்கே மாட்டும், ஏன் மாட்டும் என்று சொன்னால் போதும்.

டிக்கெட்டில், அதாவது வேலையைக் கேட்டு வரும் குறிப்பில், "மாற்று மொபைல் எண் சேர்க்கவும்" என்று ஒரே வரி இருக்கும். கோடைத் திறக்கும் முன்பே கேள்விகள் வந்துவிடும். கட்டாயமா, விருப்பமா? ஏற்கெனவே பதிந்தவர்களுக்கு அந்த இடத்தில் என்ன காட்டுவது? முதல் எண்ணையே திரும்பக் கொடுத்தால் ஏற்கலாமா? இன்டீஜராக (முழு எண்ணாக) வைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 32 பிட் இன்டீஜரின் உச்சம் 2,147,483,647. பத்து இலக்க எண்களில் பெரும்பாலானவை அதற்குள் அடங்காது. முன்னால் வரும் பூஜ்யமும் கூட்டல் குறியும் வேறு தொலைந்துபோகும். போன் நம்பரை யாரும் கூட்டிக் கழிக்கப் போவதில்லை, ஸ்ட்ரிங்காகவே (எழுத்து வரிசையாகவே) வையுங்கள்.

அடுத்தது படிக்கிற வேலை. எழுதும் நேரத்தைவிட இதற்குத்தான் அதிகம் போகும். விவரத்தை சர்வரில் வாங்கிச் சேமிக்கும் ஏபிஐ, அட்மின் திரை, எக்செல் டவுன்லோட், இரவில் தானாக மொத்தமாக ஓடும் பேட்ச் ஜாப், பழைய மொபைல் ஆப் என்று அந்த ஃபார்மைத் தொடும் இடங்களை ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். கடைசி இரண்டையும்தான் வழக்கமாக மறப்பார்கள். புது ஆப் வெளியானாலும் பழைய வெர்ஷனை மாதக்கணக்கில் வைத்திருப்பவர்கள் உண்டு. அவர்களுடைய ரெக்வெஸ்டில் புதுக் கட்டம் இருக்காது. சர்வரில் அதைக் கட்டாயமாக்கினால் அத்தனை பேருக்கும் 400 எரர்தான், ரெக்வெஸ்டே தப்பு என்று சர்வர் மறுத்துவிடும்.

டேட்டாபேஸ் பக்கம் இருந்து:

நண்பர் சொன்ன நான்கு நாளில் ஒரு நாள் எங்களுடையது. டேபிளில் ஒரு ஃபீல்டு சேர்ப்பது ஒற்றை வரி கமாண்ட்தான், ஆனால் அது எந்த நேரத்தில் ஓடுகிறது என்பதில் இருக்கிறது விஷயம்.

போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸில் 2018-ல் வந்த 11-ஆம் வெர்ஷனுக்கு முன்பு, டீஃபால்ட் மதிப்போடு ஃபீல்டு சேர்த்தால் டேபிள் முழுவதையும் திருப்பி எழுதும். மாறாத டீஃபால்ட் என்றால் இப்போது அந்தத் தொல்லை இல்லை. பூட்டு, அதாவது ஒரு வேலை முடியும்வரை மற்றவற்றை நிறுத்தி வைப்பது, மட்டும் அப்படியே இருக்கிறது. ஃபீல்டு சேர்க்கும் ஆல்டர் டேபிள் கமாண்டுக்கு அந்த டேபிள் ஒரு கணமாவது முழுசாகக் கைக்கு வர வேண்டும். அந்த நேரம் பார்த்து யாரோ ஓட்டிய ரிப்போர்ட் குவெரி பத்து நிமிடமாக அதைப் படித்துக்கொண்டிருந்தால், ஆல்டர் அதன் பின்னால் நிற்கும். ஆல்டருக்குப் பின்னால் வரும் படிக்க மட்டும் செய்யும் சாதாரண செலக்ட் குவெரிகளும் வரிசை கட்டி நிற்கும். மில்லிசெகண்டில் முடிய வேண்டிய வேலைக்காக சைட்டே படுத்துவிடும். பூட்டுக்குக் காத்திருக்கும் வரம்பான லாக் டைம்அவுட்டை 2 செகண்ட் என்று வைத்துவிட்டு ஓட்டுங்கள். கிடைக்கவில்லை என்றால் தோற்றுப் போகட்டும், சற்று விட்டு மறுபடி முயலலாம்.

வேகமாகத் தேட இண்டெக்ஸ் தேவைப்பட்டால், டேபிளில் எழுதுவதைத் தடுக்காத கன்கரன்ட்லி போட்டுத்தான் உருவாக்க வேண்டும். அது டிரான்ஸாக்ஷனுக்குள் (முழுசாக நடக்கும் அல்லது நடக்கவே நடக்காத கமாண்டுத் தொகுப்புக்குள்) ஓடாது. டேபிள் மாற்றங்களை ஓட்டும் பல மைக்ரேஷன் டூல்கள் ஒவ்வொரு ஃபைலையும் தாமாகவே டிரான்ஸாக்ஷனில் சுற்றிவிடும், அந்த ஃபைலுக்கு மட்டும் அதை அணைத்து வையுங்கள். பாதியில் அறுந்தால் இன்வாலிட் நிலையில் ஓர் இண்டெக்ஸ் மிஞ்சும். எந்தக் குவெரிக்கும் அது உதவாது, இடத்தை அடைத்துக்கொண்டு ஒவ்வொரு இன்சர்ட்டையும் மெதுவாக்கும். அதை டிராப் செய்துவிட்டு முதலில் இருந்து தொடங்க வேண்டும்.

பழைய ஃபீல்டின் பெயரை நேரடியாக மாற்றவே மாற்றாதீர்கள். புதுப் பெயரில் ஒன்று சேர்த்து, கோட் இரண்டிலும் எழுதும்படி செய்து, பழைய டேட்டாவை நகர்த்தி, படிப்பதைப் புதியதற்கு மாற்றி, சில நாள் ஒழுங்காக ஓடிய பிறகு பழையதில் எழுதுவதை நிறுத்தி, அதற்கும் பிறகுதான் டிராப். நகர்த்தும்போது 50 லட்சம் வரிசைகளையும் ஒரே அப்டேட்டில் போட்டால் டேட்டாபேஸின் நகலான ரெப்ளிகா பின்தங்கும், பூட்டுகள் குவியும். ஆயிரம் முதல் ஐயாயிரம் வரை பிரித்து, நடுவில் கொஞ்சம் மூச்சு விட்டு ஓட்டினால் யாருக்கும் தெரியாமல் முடியும்.

டெஸ்டிங் பக்கம் இருந்து:

டெஸ்ட் தோற்று சிவப்புக் காட்டினால் "ரீரன் கொடு, பச்சையாகிவிடும்" என்ற பேச்சுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். 500 டெஸ்ட், ஒவ்வொன்றும் காரணமில்லாமல் ஆயிரத்தில் ஒரு முறை தோற்கிறது என்று வையுங்கள். மொத்த பில்டும் பத்தில் நான்கு முறை சிவப்பாக நிற்கும். அதன் பிறகு நிஜமான பக் சிவப்புக் காட்டினாலும் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். காரணங்களும் பெரும்பாலும் பழகியவைதான்: குறிப்பிட்ட நேரம் தூங்கிவிட்டு சரிபார்ப்பது, ஒரு டெஸ்ட் விட்டுப்போன டேட்டாவை அடுத்தது நம்புவது, இன்றைய தேதியைக் கோடிலேயே எடுப்பது. மூன்றாவது வகை மாதக் கடைசியில் மட்டும் தோற்கும்.

தமிழ் டேட்டா கையாள்பவர்களுக்கு ஒன்று. "நீங்கள்" நமக்கு நான்கு எழுத்து. ஜாவாஸ்கிரிப்டில் லெங்த் கேட்டால் 7 என்று சொல்லும், சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8ல் 21 பைட். ஆரக்கிள் டேட்டாபேஸில் ஃபீல்டின் அளவை வார்ச்சார்2(20) என்று போட்டால் டீஃபால்ட்டாக அது 20 பைட், இந்த ஒரு சொல்லே உள்ளே போகாது. இதைவிட மோசம் "கொ". ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே கோட்பாயிண்டாகவும் (ஒரே யூனிகோட் எண்ணாகவும்) சேர்க்கலாம், கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் சேர்க்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஒப்பிட்டால் வேறு வேறு. பெயரைத் தேடினால் கிடைக்காது, டெவலப்பர் தலையைப் பிய்த்துக்கொள்வார். சேமிக்கும்போதும் தேடும்போதும் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் என்எஃப்சி நார்மலைஸ் செய்துவிட்டால் இந்தப் பிரச்சினையே எழாது.

டெப்லாய் (புதுக் கோடை சர்வரில் ஏற்றுவது) பார்ப்பவர்:

ரிவியூவுக்கு 1,200 வரி அனுப்பினால் "நன்றாக இருக்கிறது" என்று பதில் வரும். 80 வரி அனுப்பினால் பத்துக் கேள்வி வரும். உங்களுக்கு வேண்டியது இரண்டாவதுதான். ஃபார்மேட்டிங் மாற்றத்தையும் லாஜிக் மாற்றத்தையும் ஒரே கமிட்டில் (ஒரே மாற்றப் பதிவில்) கலக்காதீர்கள், தயவு செய்து.

டெப்லாய் நேரத்தில் மட்டும் எட்டிப் பார்க்கும் தப்புகள் உண்டு. போஸ்ட்கிரஸில் ஒரே நேரத்தில் ஏற்கும் இணைப்புகளின் உச்சமான மேக்ஸ் கனெக்ஷன்ஸ் டீஃபால்ட் 100. ஆப் நான்கு காப்பி ஓடுகிறது, ஒவ்வொன்றின் பூலும் 20 கனெக்ஷனைப் பிடித்து வைத்திருக்கிறது, ஆக 80. வருஷம் முழுக்க ஓடும். டெப்லாயில் பழைய நான்கை நிறுத்துவதற்கு முன் புது நான்கும் எழுந்தால் 160 ஆகிவிடும். கனெக்ஷன் மறுக்கப்பட்டு எரர் கொட்டும், ஐந்து நிமிடத்தில் தானாகச் சரியாகும், லாகைப் பார்க்காதவர்கள் "நெட்வொர்க்" என்று எழுதி டிக்கெட்டை மூடிவிடுவார்கள்.

எல்லா சர்வரிலும் ஒரே வெர்ஷன்தான் ஓடுகிறதா என்பதைக் கண்ணால் பாருங்கள். 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேப்பிட்டல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனத்தில் எட்டு சர்வரில் ஏழுக்குத்தான் புதுக் கோட் போயிருந்தது. கைவிடப்பட்ட பழைய வசதி ஒன்றை இயக்கும் சுவிட்சான ஃபிளாகையே புது வசதிக்கும் எடுத்திருந்தார்கள். எட்டாவது சர்வரில் அந்தப் பழைய கோட் உயிர்த்தெழுந்து ஆர்டர்களைக் கொட்டியது. சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் நஷ்டம்.

ஆன்கால் (எந்நேரமும் அவசர அழைப்பை ஏற்பது) பார்ப்பவர்:

அலர்ட் வந்ததும் முதல் கேள்வி: கடைசியாக என்ன மாறியது? கோட் மட்டுமல்ல, கான்ஃபிக், ஃபிளாக், சர்டிபிகேட் எல்லாமே கணக்கில் வரும். சந்தேகப்படும்படி ஒன்று இருந்தால் அதைத் திருப்பிவிட்டு, மூச்சு விட்டுக்கொண்டு காரணம் தேடுங்கள். ஓடும் சிஸ்டத்தில் உட்கார்ந்து டீபக் செய்வது ஆசையாகத்தான் இருக்கும், வேண்டாம். எந்தக் கமிட் என்று தெரியாவிட்டால் கமிட்டுகளைப் பாதிப் பாதியாகப் பிரித்துத் தேடும் கிட் பைசெக்ட் இருக்கிறது, 1,000 கமிட்டுக்கு ஏறக்குறைய 10 சோதனை போதும்.

ஆனால் தொடங்கி வைத்தவரின் மாற்று எண் விஷயத்தில் திருப்புவது கோடை மட்டும்தான். பழைய கோடுக்குப் புது ஃபீல்டு இருப்பதால் தொல்லை இல்லை, அதைத் தொடவே தொடாது. பதற்றத்தில் மைக்ரேஷனையும் சேர்த்துத் திருப்பினால் ஃபீல்டு டிராப் ஆகும், இடைப்பட்ட இருபது நிமிடத்தில் மக்கள் கொடுத்த எண்களும் அதோடு போய்விடும்.