உடற்பயிற்சி தொடங்கி மூன்று வாரம் ஆகிறது; எடை ஏன் கூடியிருக்கிறது?

ஈசூன் வாசகி:
வணக்கம். எனக்கு வயது 43. மூன்று வாரங்களாக, வாரத்தில் நான்கு நாள் பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் மெதுவோட்டமும், இரண்டு நாள் உடற்பயிற்சிக் கூடத்தில் எடைப் பயிற்சியும் செய்துவருகிறேன். கோப்பியில் சீனியை நிறுத்திவிட்டேன். இரவில் புரோட்டாவுக்குப் பதிலாக இரண்டு சப்பாத்தியும் கீரையும்தான். ஆனால் 68.4 கிலோவாக இருந்த எடை இன்று 69.6 கிலோ என்று காட்டுகிறது. மனம் மிகவும் சோர்ந்துவிட்டது. உணவை இன்னும் குறைக்க வேண்டுமா?

செங்காங் உடலியக்கச் சிகிச்சையாளர்:
தயவுசெய்து உணவைக் குறைக்காதீர்கள், சகோதரி. பயிற்சிக்குப் பழகும் தசைகள் மாவுச்சத்தைக் கிளைக்கோஜனாகக் கூடுதலாகச் சேமிக்கத் தொடங்கும்; அதன் ஒவ்வொரு கிராமுடனும் ஏறத்தாழ 3 கிராம் நீரும் சேர்ந்தே தங்கும். பழக்கமில்லாத பயிற்சியால் தசை நார்களில் உண்டாகும் நுண்ணிய காயங்கள் ஆறும்போதும் அங்கே நீர் தேங்கும். மாடிப்படி இறங்கும்போது தொடை வலிக்கிறதென்றால், அந்த வலிக்கும் இந்த நீருக்கும் காரணம் ஒன்றே. மாதவிடாய்க்கு முந்தைய நாள்களில் இது இன்னும் கூடும். ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. உங்களுக்குக் கூடிய 1.2 கிலோவும் கொழுப்பாக இருக்க வேண்டுமானால், இந்த மூன்று வாரங்களில் தேவைக்கு மேல் 9,000 கலோரிக்கும் அதிகமாக நீங்கள் உண்டிருக்க வேண்டும். நீங்கள் எழுதியிருக்கும் உணவைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை.

தெம்பனீஸ் வாசகர்:
மேலே சொன்னது சரி. இருந்தாலும், ஆரோக்கியமானவை என்று நாம் நம்பிச் சேர்ப்பவற்றையும் ஒருமுறை கவனித்துவிடுங்கள். நான் ஓடத் தொடங்கியபோது தினமும் இரண்டு கைப்பிடி முந்திரி தின்றேன். 30 கிராம் முந்திரியிலேயே ஏறக்குறைய 170 கலோரி இருப்பது அப்போது எனக்குத் தெரியாது. உணவங்காடி நிலையத்தில் மீன் சூப்பைச் சொட்டு விடாமல் குடித்தால், அதிலுள்ள உப்பினால் மறுநாள் எடை ஏறித்தான் காட்டும். அம்மாவின் தையல் பெட்டியில் கிடந்த மஞ்சள் அளவு நாடாதான் எனக்குக் கைகொடுத்தது. இரண்டு மாதத்தில் எடை 600 கிராம்தான் குறைந்திருந்தது; இடுப்போ 97 செ.மீட்டரிலிருந்து 93-க்கு இறங்கியிருந்தது. காலையில் கழிவறைக்குப் போய்வந்த பிறகு, எதுவும் உண்ணாமல், வாரம் ஒருமுறை மட்டும் எடை பாருங்கள்.

உட்லண்ட்ஸ் தாதி:
ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். கால் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, இரண்டு மூன்று நாள்களில் இரண்டு கிலோ ஏறினாலோ அதைப் பயிற்சியின் விளைவு என்று எண்ணிக் காத்திருக்காமல் உடனே மருத்துவரைப் பாருங்கள். கடும் பயிற்சிக்குப் பிறகு சிறுநீர் கறுந்தேநீர் நிறத்தில் போனால் அது அவசரச் சிகிச்சைக்கு உரியது.

ஈசூன் வாசகி:
அனைவருக்கும் நன்றி. வீக்கமோ மூச்சுத் திணறலோ இல்லை. தொடை வலி இருக்கிறது. சில நாள் காலையிலும் சில நாள் இரவு உணவுக்குப் பிறகும் எடை பார்த்துவந்தது தவறு என்று இப்போது புரிகிறது. தொடக்கத்தில் இடுப்பை அளக்காமல் விட்டுவிட்டேன். ஆனால் இன்று காலை சுரிதாரின் நாடாவை, பழைய முடிச்சின் தடத்திலிருந்து இரண்டு விரற்கடை உள்ளே தள்ளிக் கட்ட வேண்டியிருந்தது.